முப்பதாயிரம் பேருக்குப் பெயர் இல்லையா?

சயாமின் தெற்கே கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்று ஓர் ஊர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கைக்கு அடக்கமான ஒரு கல் கிடைத்தது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் பழந்தமிழ் எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. பெரும்பத்தன் என்ற தட்டானுடைய கல் என்று பொருள். காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள் கல்வெட்டு அறிந்தவர்கள்.

தோழர்களே, இந்தக் கல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த மனிதனை நமக்கு யார் என்று தெரியாது. அவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் ஒரு கல் எத்தனை சொல்கிறது! தமிழன். தட்டான். கடல் கடந்து பிழைக்கப் போனவன். போன இடத்தில் தொழில் நடந்திருக்கிறது. பட்டறையில் அவன் ஒருவன் மட்டும் இருந்திருந்தால் கல்லில் பெயர் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. அக்கம்பக்கத்தில் வேறு தட்டார்களும் இருந்திருக்கிறார்கள், கல் மாறிப் போகக் கூடாது என்று பெயர் போட்டிருக்கிறான். நம் வீட்டுப் பெண்கள் செம்பிலும் தட்டிலும் பெயர் வெட்டி வைப்பதில்லையா, அதே புத்திதான். 1,600 வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்தும் பெரும்பத்தன் பெயரோடு எழுந்து வந்துவிட்டான்.

அதே சயாமில், நேற்று நடந்ததுபோல 1942, 43-இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனை பேர்? போர் முடிந்தபின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கு ஒன்று 78 ஆயிரம் சொச்சம் மலாயாத் தொழிலாளர்கள் என்கிறது. அதில் மிகப் பெரும்பாலோர் நம்மவர். இறந்தவர் ஏறக்குறைய 30 ஆயிரம் என்று அதே கணக்கு சொல்கிறது. குறைத்துச் சொன்ன கணக்கு அது என்று நம்ப நியாயம் இருக்கிறது. மலாயா, பர்மா, ஜாவா என்று எல்லா ஆசியத் தொழிலாளரையும் சேர்த்து 90 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு. சரி, குறைந்த கணக்கையே வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் பேர். இதில் எத்தனை பேருடைய பெயர் கல்லில் இருக்கிறது? எத்தனை பேருடைய பெயர் ஒரு தாளிலாவது வரிசையாக இருக்கிறது?

ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் செத்த தட்டானுக்குப் பெயர் உண்டு. எண்பது வருஷத்துக்கு முன் செத்த நம் பாட்டனுக்குப் பெயர் இல்லை. இதைவிடக் கேவலம் ஒரு சமூகத்துக்கு உண்டா என்று கேட்கிறோம்.

‘போர்க்காலம், காடு, காலரா, யார் பெயரை யார் எழுதி வைப்பது?’ என்று நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே காட்டிலிருந்தே பதில் சொல்வோம். பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். அந்தப் பாதையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள்: ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று 60 ஆயிரத்துக்கு மேல். 12 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அதே காடு, அதே மழை, அதே ஜப்பான்காரன், அதே காலரா. ஆனால் அவர்கள் ஒவ்வொரு சாவையும் எழுதி வைத்தார்கள். ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் தலை போகும் என்று தெரிந்தும் துண்டுக் காகிதத்தில் எழுதி, தகர டப்பாவிலும் புட்டியிலும் அடைத்து, செத்தவனுடைய குழியிலேயே அவனோடு சேர்த்துப் புதைத்தார்கள். யுத்தம் முடிந்த மறுமாதமே, 1945 செப்டம்பரில், கல்லறை தேடும் கூட்டம் ஒன்று ரயிலேறிப் புறப்பட்டது. 144 இடுகாடுகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகள். கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே!

ஐம்பத்திரண்டு! இந்த எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இன்று காஞ்சனபுரிக்குப் போனால் நகரத்தின் நடுவிலேயே ஏழாயிரம் கல்லறைகள் புல்வெளியில் அணிவகுத்து நிற்கின்றன. பெயர், படைப் பிரிவு, வயது, இறந்த தேதி, சிலவற்றில் தாயோ மனைவியோ சொல்லி அனுப்பிய ஒரு வரி. அந்தச் சிப்பாயின் கல்லறையைப் பார்த்து நமக்குப் பொறாமை இல்லை. அவனும் அடி வாங்கித்தான் செத்தான். அவன் தாயும் அழுதாள். அவனுக்குக் கிடைத்ததைப் பிடுங்கு என்று நாம் கேட்கவில்லை. நம்மவனுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம். இதற்குச் சர்க்கார் காகிதங்களில் இருக்கும் பதில் மிகச் சுலபமானது: அவன் படைவீரன், இவன் கூலி. கல்லறைக் கமிஷன் படைவீரனுக்கு உண்டு, கூலிக்குக் கிடையாது. துப்பாக்கி பிடித்தவன் செத்தால் நாள், நட்சத்திரம். மண்வெட்டி பிடித்தவன் செத்தால் மொத்தக் கணக்கு.

மொத்தக் கணக்கிலும் ஒரு சூது இருக்கிறது, கிராணிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இறந்தவர் என்று ஒரு பத்தி. ஊர் திரும்பியவர் என்று ஒரு பத்தி. ‘ஓடிப் போனவர்’ என்று இன்னொரு பத்தி. பல்லாயிரம் பேர் அந்தப் பத்தியில் கிடக்கிறார்கள். எங்கே ஓடினார்கள்? நூற்றுக்கணக்கான மைல் காட்டில், காலில் புரையோடிய புண்ணோடு, பாஷை தெரியாத நாட்டில், கையில் காசில்லாமல் ஓடிப் போனவன் எந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்? செக்ரோலில் ஒருவன் பெயருக்கு நேரே ‘ஓடிவிட்டான்’ என்று எழுதுவது எவ்வளவு வசதியானது என்று தோட்ட ஆபீசில் பேனா பிடித்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவனுக்குச் சம்பளப் பாக்கி இல்லை, நஷ்ட ஈடு இல்லை, கருமாதிச் செலவும் இல்லை.

கெடாக்காரர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஏன் என்றால், மேற்குக் கரைத் தோட்டங்களில் பிடித்த ஆட்களை ஏற்றிய சரக்கு வண்டிகள் எல்லாம் நம் தண்டவாளத்தில்தான் போயின. ஜொகூரில் ஏறியவனும், சிலாங்கூரில் ஏறியவனும், பேராக்கில் ஏறியவனும் புக்கிட் மெர்தாஜம் தாண்டி, சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் என்று நம் வாசலைக் கடந்துதான் பாடாங் பெசாருக்குப் போனான். அவன் கண்ட கடைசி ரப்பர் மரம் கெடாவின் மரம். நம் தோட்டங்களிலிருந்து போனவர்களோ சொந்த லயத்தின் புகையைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார்கள். 1943 அக்டோபரில் அந்தப் பாதையின் இரண்டு முனைகளும் கொங்குய்த்தாவில் சேர்ந்தன. அதே அக்டோபரில் கெடாவையே தூக்கிச் சயாமிடம் கொடுத்தது ஜப்பான்! ஆட்களையும் சயாமுக்கு அனுப்பினான். ஆட்கள் விட்டுப் போன ஊரையும் சயாமுக்குக் கொடுத்தான். போனவனுடைய பெண்டாட்டி, போகாமலே சயாமுக்குள் இருந்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆள் போய்விட்டான். பெயர் எழுதிய கல் இல்லை. ஆனால் அவன் விட்டுப் போன சாமான்?

ஒருநாளைக்கு ஒரு வெள்ளிக் கூலி, சாப்பாடு சும்மா, மூன்றே மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். மூன்று மாதத்துக்குப் போகிறவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போவானா? ஒரு வேட்டி, ஒரு கம்பளி, ஒரு தகரக் குவளை, ஒரு பொட்டலம் புகையிலை. மற்றதெல்லாம் லயத்தில்தான் கிடந்தது. அவன் தேய்த்துத் தேய்த்து வைத்த உளி. காண்டா. தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு மனிதனுடைய ஜாதகமே இருந்தது.

மணியார்டர் ரசீதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊருக்குப் பத்து ரூபாய் அனுப்பிய ரசீதில் வாங்குகிறவர் பெயர், கிராமம், தபாலாபீஸ், தாலுகா, ஜில்லா அத்தனையும் இருக்கும். அது ஒன்றே போதும், இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்னாருடைய மகன் என்று சொல்லிவிட. ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கினால் வேறொரு கதையும் வெளிவரும். மாசா மாசம் அனுப்பியவன் திடீரென்று நிறுத்தியிருக்கிறான் என்றால் என்ன நடந்தது? கல்யாணமா, காய்ச்சலா, தாய் செத்துப் போனாளா? 1941 டிசம்பருக்குப் பிறகு ஒரு ரசீதும் இருக்காது, கடல் மூடிவிட்டது.

கடிதங்கள் அநேகமாக நம் கிராணிமார் எழுதிக் கொடுத்தவை, அல்லது ஊரில் ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்தவை. ‘உபய க்ஷேமம்’ என்று தொடங்கி, மாடு கன்று போட்டது, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று போகும். எழுதியவன் வேறு, சொன்னவன் வேறு என்றாலும், சொன்னவனுடைய பேச்சு நடுவில் எங்காவது ஒரு வரியில் தலை நீட்டும். கப்பலேறி வந்த காலத்துத் தகர டிக்கட்டைச் சிலர் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் கூலி அனுப்புவதை நிறுத்தியது. ஆகையால் கங்காணி அழைத்து வந்தவன் அதற்கு முன் வந்தவனாகத்தான் இருக்க வேண்டும். நாகப்பட்டினமா, சென்னையா, எந்தத் துறையில் ஏறினான் என்பதும் அவன் ஊரைத் திசை காட்டும். சுங்கைப் பட்டாணியிலோ பினாங்கிலோ ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். உளியின் கைப்பிடியைப் பாருங்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? இடக்கைக்காரனா என்று தெரிந்துபோகும். இதற்கெல்லாம் சீமையில் படித்த பண்டிதர் தேவையில்லை. மரம் வெட்டிய கை போதும்.

அந்தப் பெட்டிகளை என்ன செய்தோம்?

கொஞ்சம் ஜப்பான் காலத்துப் பசிக்குப் போனது. மரவள்ளிக்கிழங்குக்கு மாற்றிய செம்பும் குத்துவிளக்கும் எத்தனை! அதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. கொஞ்சம் 1950-க்குப் பிறகு அவசரகாலத்தில், லயங்களை ஒன்றாகச் சேர்த்துக் கம்பி வேலிக்குள் அடைத்தபோது, தூக்க முடியாமல் விட்டுவந்தது. அப்புறம் வந்தது தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை எத்தனை தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன என்பதைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். நிலம் எத்தனை ஏக்கர் கைமாறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆபீஸ் அலமாரியில் இருந்த பழைய செக்ரோல்கள் எங்கே போயின என்பதற்குக் கணக்கு இல்லை. புதிய முதலாளிக்கு மரத்தின் எண்ணிக்கை வேண்டும். மரம் வெட்டிச் செத்தவனுடைய எண்ணிக்கை எதற்கு? ஆபீசுக்குப் பின்னால் ஒரு குழி, ஒரு டின் மண்ணெண்ணெய். பிறகு லயங்கள் இடிந்தன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிற பேரன், ‘இந்தப் பழைய தகரப் பெட்டி எதற்குப் பாட்டி?’ என்று கேட்கிறான். பாட்டி பதில் சொல்வதற்குள் பழைய இரும்புக்காரன் வந்துவிடுகிறான்.

கிராணிமார் சிலர் இங்கே முகம் சுளிக்கலாம். ‘சயாமுக்கு ஆள் பட்டியல் போட்டது தோட்ட ஆபீஸ்தானே, அந்தப் பழியை எங்கள் தலையில் கட்டப் போகிறாரோ?’ என்று நினைக்கலாம். ஆம், தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டான், பட்டியல் எழுதப்பட்டது, எழுதியது ஒரு பேனா. தனக்கு வேண்டாதவனை முதலில் எழுதியவர்களும் இருந்தார்கள், ஒருவனையும் எழுத மாட்டேன் என்று அறை வாங்கியவர்களும் இருந்தார்கள், தாமே கூடப் போய் அங்கேயே மாண்ட கிராணிகளும் டிரெஸ்ஸர்களும் இருந்தார்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல நாம் இங்கே உட்காரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பட்டியல், எழுதும்போது பாவப் பட்டியலாக இருந்திருக்கலாம். இன்று கையில் கிடைத்தால் அதுவே புண்ணியப் பட்டியல். பெயர் இருக்கிற ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ தோட்ட ஆபீசில் இருந்தவரானால், பரணில் கிடக்கும் பழைய நோட்டுப் புத்தகத்தை வெட்கத்தால் மறைக்காதீர்கள்.

பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முனியாண்டி என்றால் எந்த முனியாண்டி? ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி, மூன்று மாரியாயி. ‘பெரிய’, ‘சின்ன’, ‘கட்டை’, ‘மேட்டு லயத்து’ என்று அடைமொழி போட்டுத்தான் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டார்கள். செக்ரோலிலோ எண் மட்டும். ஆகையால் பட்டியல் தனியாகப் பேசாது, பெட்டியும் தனியாகப் பேசாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு கிழவியை உட்கார வைத்தால்தான் முனியாண்டி எழுந்து வருவான். அந்தக் கிழவிகள்தான் நமக்கு இப்போது அவசரம். அன்று பத்து வயதுப் பிள்ளையாகத் தகப்பனை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டவளுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

அங்கே, சயாம் மண்ணிலேயும் சாமான் கிடக்கத்தான் செய்கிறது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்து மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ரயில் பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் என்றார்கள். அவர்களை யார் யார் என்று பார்க்க நம்மிலிருந்து யார் போய் நின்றார்கள்? நம் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி அந்தக் குழியோரம் நின்றிருந்தால் என்னென்ன தேடியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அரைஞாணில் கோத்த தாயத்து உண்டா? கால்விரல் எலும்பைச் சுற்றி மெட்டி உண்டா? ஏனென்றால் பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு; ஆண்கள் மட்டுமே போனார்கள் என்று நினைப்பது தப்பு. பல்லில் வெற்றிலைக் காவி ஏறியிருக்கிறதா? இது ஜாவாக்காரன், இது சீனன், இது நம்ம ஆளு என்று அவள் அரை நாளில் பிரித்திருப்பாள். பச்சை குத்திய பெயரை மட்டும் அவளாலும் படித்திருக்க முடியாது. கையில் பெயர் எழுதிக்கொண்டு போனவனுடைய பெயர் சதையோடு போய்விட்டது. நிக்கே முகாமில் 1943-இல் காலரா கண்டபோது செத்தவர்களைக் குவித்து எரித்தார்களே, அங்கே எலும்புக்கும் வழியில்லை.

இதில் எல்லாவற்றையும்விட மனத்தைச் சுடுகிற ஒன்றைச் சொல்கிறேன். காஞ்சனபுரியில், பாலத்துக்கு அருகில், செத்தவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதை எழுப்பியவர்கள் யார் தெரியுமா? ஜப்பான் ராணுவத்தார்! 1944-இல், யுத்தம் முடியும் முன்பே. அதில் பல பாஷைகளில் கல் பதித்திருக்கிறார்கள். தமிழும் அதில் ஒன்று. கொன்றவன் தமிழில் கல் வெட்டி வைத்தான். அதிலும் பெயர் இல்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். யுத்தம் முடிந்ததும் சயாம் எல்லைக்குள் இருந்த பாதையைப் பிரிட்டிஷார் சயாம் சர்க்காருக்கு விற்றார்கள். விலை 12½ லட்சம் பவுன். நம்மவன் எலும்பின் மேல் போட்ட கட்டைக்கு விலை உண்டு. எலும்புக்கு விலை இல்லை. பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்கு ஜப்பானியச் சொத்திலிருந்து ஆளுக்கு 76 பவுன் சொச்சம் கிடைத்தது. போதாது என்று அவர்கள் ஐம்பது வருஷம் சண்டை போட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் பவுன் கொடுத்தது. நல்லது. விடாமல் கேட்டார்கள், வாங்கினார்கள்; தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் அதை மெச்சத்தான் வேண்டும். நமக்கோ 1967-இல் மலேசிய, ஜப்பானிய சர்க்கார்கள் கோலாலம்பூரில் ஒப்பந்தம் செய்தன. 2½ கோடி வெள்ளி, ரொக்கமாக அல்ல, இரண்டு கப்பல்களாக. கப்பல்கள் கடலில் ஓடின. லயத்தில் குந்தியிருந்த விதவைக்கு அந்தக் கப்பலில் ஓர் ஆணி பங்காவது வந்ததா? உயிரோடு திரும்பியவர்கள் சங்கம் கூட்டிக் கேட்டுப் பார்த்தார்கள், மகஜர் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் பெயர்ப் பட்டியல் இல்லாமல் நஷ்ட ஈடு கேட்கப் போகிறவன், செக்ரோல் இல்லாமல் சம்பளம் கேட்கப் போகிறவனுக்குச் சமம். ‘யாருக்கு ஐயா கேட்கிறாய்?’ என்ற ஒரு கேள்வியில் அவனை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடலாம்.

பெயருக்காக ஏன் இப்படித் துடிக்கிறாய் என்பவர்கள் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-இல் கண்டெடுத்த நடுகல்லை நினைத்துப் பார்க்கட்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை. மாடு பிடிச் சண்டையில் செத்த ஒருவனுக்கு நட்டது. அவன் அரசன் அல்ல, தளபதி அல்ல. எந்த ஊர்ச் சண்டை, செத்தவன் அந்தவன் என்பதை எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மாட்டுக்காகச் செத்தவனுக்கு அன்றைய கிராமத்தான் செய்த மரியாதை அது. அந்த மரபை நினைத்துத்தான் மலேசியத் தமிழர்கள் சிலர் பல வருஷம் முயன்று காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் நம்மவருக்கும் நடுகல் எழுப்பினார்கள். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதி வைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் நடுகல் என்றால் அதில் பெயர் இருக்க வேண்டும். கல்லை அவர்கள் நட்டுவிட்டார்கள். பெயரைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

‘செத்தவர்களைத் தோண்டி என்ன பிரயோஜனம், உயிரோடு இருப்பவன் கூலிக்குப் போராடுங்கள்’ என்று ஒரு தோழர் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அவரை அவர் வேலை செய்கிற தோட்டத்துக் கடைசி லயத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே இன்று யார் இருக்கிறார்கள்? வங்காளதேசத்துப் பையன், நேப்பாளத்துப் பையன், இந்தோனேசியாக்காரன். நம் பாட்டன் படுத்த அதே சிமெண்டுத் திண்ணையில் படுக்கிறான். ஏஜெண்டு அழைத்து வந்தான்; கங்காணிக்கு இப்போது அதுதான் பெயர். பாஸ்போர்ட்டு அவனிடம் இருக்கிறதா? ஆபீஸ் பதிவில் இருக்கிற பெயரும் அவனுடைய தாய் வைத்த பெயரும் ஒன்றுதானா? நாளைக்கு அவன் பனங்குலைக்கடியில் மாட்டிச் செத்தால், ஒரு பை, ஒரு கைத்தொலைபேசி, இரண்டு சட்டை, ஒரு பணம் அனுப்பிய ரசீது மிஞ்சும். அதை யார் எடுத்து வைப்பார்கள்? ‘ஓடிவிட்டான்’ என்று எழுத இன்றும் ஒரு பத்தி இருக்கிறதா இல்லையா? நம்மவனுக்கு 1943-இல் நடந்ததைத் தட்டிக் கேட்கத் தெரியாதவன், பக்கத்து லயத்தில் இன்று நடப்பதையும் கேட்க மாட்டான். இரண்டும் ஒரே கேள்வி. அந்தத் தோழர் பேசாமல் போய்விட்டார். ஒப்புக்கொண்டாரா, கோபித்துக்கொண்டாரா தெரியவில்லை.

ஆகையால் நாம் கேட்பது பெரிதல்ல. சர்க்காரிடம் கேட்பது: ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஜப்பான் காலத்துத் தொழிலாளர் காகிதங்களைத் தமிழ் தெரிந்தவர்களை வைத்துப் பெயர் பெயராகப் பிரித்து எழுதுங்கள். பழைய கம்பெனிகளின் வாரிசுகளிடம் கேட்பது: லண்டனிலோ, பினாங்கிலோ, எந்தக் கிடங்கிலோ கிடக்கும் 1941 முதல் 1946 வரையுள்ள செக்ரோல்களையும் மானேஜர் கடிதங்களையும் வெளியே கொடுங்கள். லாப நஷ்டக் கணக்கை நூறு வருஷம் காப்பாற்றத் தெரிந்த உங்களுக்கு இதையும் காப்பாற்றத் தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்று விடாமல் கேட்போம்.

அவர்கள் பதில் சொல்லும்வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கப் போவதில்லை. பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், குரூண், பாலிங் பக்கத்துத் தோழர்களும் தாய்மார்களும், தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போய்விட்டவர்களும் வீட்டில் இருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். எதையும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், கிழிந்த காகிதத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு பிறகு எடுங்கள்; தாலிச் சரடு சுற்றியிருந்த காகிதம், தாலியைப்போலவே முக்கியம். சாமானை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், சங்கத்துக்கும் வேண்டாம்; அது உங்கள் வீட்டுச் சொத்து. போட்டோப் பிரதி மட்டும் போதும்.

ஓர் ஆளுக்கு ஒரு தாள். பெயர், தோட்டத்தில் கூப்பிட்ட பெயர், தகப்பன் பெயர், மனைவி அல்லது கணவன் பெயர், தோட்டம், எந்த மாதம் கொண்டுபோனார்கள், தனியாகவா குடும்பத்தோடா, ஊரில் எந்தக் கிராமம், இதைச் சொன்னவர் யார். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம், கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். ஒரு பெயர் மட்டும்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது என்றாலும் அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்.